‘உள்ளேதான் இருந்தேன்’ பாட்டுக்குப் பொருள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? லிஃப்ட் ரிப்பேருக்குக் குழிக்குள் இறங்கும்போது இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கொள் என்று சொல்லியிருந்தேன். கட்டுகிறாயா, ஆணியில் மாட்டி அழகு பார்க்கிறாயா?

போனே செய்திருப்பேன். போனில் நான் மட்டுமே பேசுகிறேன், உன் முறை வருவதற்குள் வைத்துவிடுகிறேன் என்று நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். சரி, எழுதுகிறேன். இதிலாவது பதில் சொல்.

தாடி நம் ஊருக்கு வருகிறான்.

எந்தத் தாடி என்று கேட்காதே. உன்னோடு ஒரே ஷெட்டில் கிதார் வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, தலைநகரத்துக்கு வேன் கிளம்புகிற அன்று நம் வாசலில் நிற்கக்கூட நேரமில்லாமல் உன்னை அம்போ என்று விட்டுப் போனானே, அவன்தான். போனவன் சும்மா போனானா? உன் பாட்டையும் கொண்டு போய்விட்டான். ‘உள்ளேதான் இருந்தேன்’ வெளிவந்து இருபது வருஷம் ஆகிறதாம். அதற்கு ஊர் ஊராக விழா.

அது உன் பாட்டு என்று எனக்குத் தெரியும். நீ வேலை பழகப் போய்க்கொண்டிருந்த நாளில், வாய் நிறையப் பற்பசையோடு கண்ணாடி முன் நின்று அந்த மெட்டைத்தான் முனகுவாய். முதல்முறை ரேடியோவில் கேட்டபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். ‘சொற்களும் இசையும்: குழுவினர்’ என்றார்கள். குழுவினராம்! அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இப்போது ரேடியோக்காரர்கள் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். ‘இந்தப் பாட்டுக்கு என்ன பொருள்?’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். நன்றாக எழுதியவர்களைத் தாடியின் முன்னால் மேடையேற்றிப் படிக்கச் சொல்வார்களாம். அவன் பதில் சொல்வானாம். நான் எழுதப்போகிறேன். நிறைந்த சபையில் வைத்து அவனைக் கிழிக்கப்போகிறேன். உனக்கு வரவேண்டிய பேரை அவன் வாயாலேயே சொல்லவைக்கப்போகிறேன்.

ஒவ்வொரு வரியும் என்ன நினைத்து எழுதினாய் என்று விவரமாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். பெல்ட் கட்டுகிறேன். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

இங்கே ஒரு பழைய அலுவலகக் கட்டடம். அதன் லிஃப்ட் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நான்காவது மாடியில்தான் போய் நிற்கிறது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வக்கீல்கள். வேண்டுமென்றே செய்துவைத்திருக்கிறார்கள் என்று மற்ற மாடிக்காரர்கள் சண்டைக்குப் போகிறார்கள். இரண்டு வாரமாக அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

பாட்டு பழைய கதை அக்கா. கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொள்கிறார்கள், வைத்துக்கொள்ளட்டும். தாடி மேல் எனக்கு ஒன்றுமில்லை. போட்டிக்கெல்லாம் எழுத வேண்டாம்.

மழையில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போது ஜாக்கிரதை.

அன்புத் தம்பி

---

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். வக்கீல்களைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினாய். ‘ஒன்றுமில்லை’ என்று. இருபது வருஷமாக உன் வயிற்றுக்குள் கிடக்கிற அந்த ஒன்றுமில்லையைத்தான் நான் வெளியே எடுக்கப்போகிறேன்.

இங்கே என் காரில் ஏறுகிற ஆள் எல்லாம் அந்தப் பாட்டுக்குப் பண்டிதராகிவிட்டார்கள். இப்போது பழக வருகிறவர் ஒரு பல் டாக்டர். கியர் எது, கைபிரேக் எது என்று தெரியாது, ஆனால் பாட்டுக்குப் பொருள் தெரியும். “மேடம், இது காதல் தோல்விப் பாட்டு. அவன் அவ மனசுக்குள்ள இருக்கான், அவ இல்லங்கறா. செருப்புன்னா நினைவு” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பால் வண்டியின் மேல் ஏற்றப் போனார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். என் கால் அதைவிட்டு எழுந்ததே இல்லை என்பதால்தான் இந்த ஊரில் பல பேர் உயிரோடு நடமாடுகிறார்கள்.

தாடி என்ன சொல்கிறான் தெரியுமா? ஒரு பேட்டியில் அது கடவுளைப் பற்றி என்றான். இன்னொன்றில், அவன் வளர்த்த நாயைப் பற்றி. போன வருஷம், ‘கேட்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்தால் பொருள் தெரியும்’ என்றான். எழுதியவனுக்கல்லவா பொருள் தெரியும்? திருடியவன் எதைச் சொல்வான்?

நீ சொல்லாவிட்டால் போ. நானே பொருள் எழுதிவிட்டேன். படித்துப் பார்.

*உள்ளேதான் இருந்தேன் நான்*
*இல்லை என்று சொன்னாய் நீ*
*வாசலிலே கிடந்த செருப்புக்கு*
*என்ன சொல்லிச் சமாளித்தாய்?*

பாட்டு முழுக்க உள்ளே இருப்பவன் நீதான். தலைநகரத்தில் ரெக்கார்டிங் கம்பெனிக்காரன், ‘எழுதியது யார்?’ என்று கேட்டிருப்பான். தாடி, ‘அப்படி ஒரு ஆளே இல்லை’ என்றிருப்பான். செருப்பு என்பது நீ விட்டுவந்த அடையாளம், அதாவது உன் மெட்டு. அதை என்ன சொல்லிச் சமாளித்தாய் என்று கேட்கிறாய். நறுக்கென்ற கேள்வி.

*தட்டு நிறைய நீ வைத்தாய்*
*போதும் என்றும் நீ சொன்னாய்*

இதுவும் அவன்தான். ஒத்திகை முடிந்ததும் உங்கள் எல்லாருக்கும் அவன்தானே சாப்பாடு வாங்கித் தருவான்? வாங்கித் தந்துவிட்டு, தான் பெரிய வள்ளல் மாதிரி, யார் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்றும் அவனே சொல்லியிருப்பான். அப்படிப்பட்ட முகம் அவனுக்கு.

*கழுத்துப் பித்தான் நீ போட்டாய்*
*மூச்சு மட்டும் என் பொறுப்பு*

இதற்குப் புகைப்படமே இருக்கிறது. குழுவில் எல்லாருக்கும் கழுத்து வரை மூடின கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டானே! வெயிலில் அந்தக் கோட்டோடு நீ வேர்த்து நின்றதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருவனை எப்படியெல்லாம் மூச்சுமுட்ட வைத்திருந்தால் இப்படி ஒரு வரி வரும்! இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

எங்காவது தப்பிருந்தால் திருத்து. இல்லையென்றால் இதைத்தான் அனுப்புவேன்.

உன் அக்கா

---

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நலம் என்று ஒரு தபால் அட்டையிலாவது எழுதிப் போட உனக்குக் கை வலிக்கிறதா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல். நான் கிளம்பி வந்துவிடுகிறேன்.

பதில் வராததால் திருத்தம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு போட்டிக்கு அனுப்பிவிட்டேன். மேலே ஒரு வரி சேர்த்தேன்: ‘இந்தப் பாட்டு பிறந்த வீடு எனக்குத் தெரியும்.’ அதைப் படித்தால் எந்த ரேடியோக்காரனுக்கும் நாக்கு ஊறும்.

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். தெருவில் போகும்போது இருபக்கமும் பார்த்துப் போகிறேன்.

உன் அக்கா

---

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கிளம்பி வர வேண்டாம்.

உன் விளக்கத்தைப் பல தடவை படித்தேன். பித்தான் வரியில் ஒரு தப்பு இருக்கிறது. அந்தக் கோட்டுகளுக்குப் பித்தான் கிடையாது. ஜிப்தான். புகைப்படத்தை எடுத்துப் பார்.

அதைத் தவிர நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. பலமுறை எழுத ஆரம்பித்துக் கிழித்தேன். மேடைக்குப் போகாதே அக்கா. தாடியைத் திட்டிக் கிடைக்கிற பேர் எனக்கு வேண்டாம். இதை நான் உன்னிடம் எதுவும் கேட்காதவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

முழங்காலைப் பற்றி நீ பதிலே சொல்லவில்லை.

அன்புத் தம்பி

---

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், முழங்காலும் நலம். நீயும் அப்படியே இரு.

தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “நீங்க எழுதினதப் படிச்சு எங்களுக்கெல்லாம் புல்லரிச்சுருச்சு, கடைசியா உங்களத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறோம்” என்றாள். கடைசி இடம் என்றால் சும்மாவா?

ஜிப்போ பித்தானோ, இறுக்கியது இறுக்கியதுதானே? கவிதையில் அப்படித்தான் வரும். இதைப் போய் ஒரு தப்பு என்று எழுதுகிறாய். உனக்கு நல்லது செய்ய வருகிறவளிடமும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வருகிறாய்.

போகாதே என்று சொல்கிறாய். உன் சுபாவம் அது. பள்ளிக்கூடத்தில் உன் பேனாவைப் பிடுங்கியவனுக்கு மையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவன் நீ. அன்றைக்கும் நான்தான் போய் வாங்கி வந்தேன். அம்மா இல்லாத வீட்டில் யாராவது ஒருத்தர் பல்லைக் காட்ட வேண்டுமே. நீ காட்டமாட்டாய். நான் காட்டுகிறேன்.

விழா இருபத்தெட்டாம் தேதி. ரேடியோவில் நேரடியாகப் போடுகிறார்கள். கேள்.

உன் அக்கா

---

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நீ ரேடியோ கேட்டாயா இல்லையா என்று தெரியவில்லை. கேட்காதவனுக்குச் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். ரேடியோவில் வராத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், தலைக்குச் சாயம் பூசின பையன்கள், எல்லாரும் உன் பாட்டைத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். தாடி இப்போது தாடி வைத்திருக்கவில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழுங்கச் சிரைத்து, கொஞ்சம் தொப்பை போட்டு, எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய ஆளாக உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னால் படித்தவர்களுக்கெல்லாம், “ஆமா, அப்படியும் வச்சுக்கலாம்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றான். அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

படித்தேன். ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. ‘இந்தப் பாட்டை எழுதியவன் என் தம்பி. அவன் உள்ளேதான் இருந்தான். இல்லை என்று சொன்னவர் இதோ இந்த நாற்காலியில் இருக்கிறார்’ என்று முடித்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

தாடி மைக்கை எடுத்தான். “அக்கா சொல்றது நெசம். இந்தப் பாட்டு நான் எழுதினதில்ல. எழுதினவன் அவங்க தம்பிதான்” என்றான். நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பான், மறுத்தால் என்ன கேட்கலாம் என்று கேள்விகளைக் கைவசம் வைத்திருந்தேன். அத்தனையும் வீணாகிப் போன கோபத்தில், “அப்ப அவன் இல்லன்னு சொன்னது யாரு? அதையும் உங்க வாயாலயே சொல்லுங்க” என்று கத்தினேன்.

அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அக்கா, அன்னிக்கு உங்க வாசல்ல நின்னது நான்தான். நீல வார் வச்ச செருப்பு. அதுல ஒண்ணு குப்புறக் கெடந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் போனேன்” என்றான். பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்க, “நான்தான் சொன்னேன். அவன் இல்லன்னு நான்தான் சொன்னேன். தப்புதான்” என்றான்.

அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. ‘திருடன், திருடன்’ என்று ஒரே கூப்பாடு. அவனைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனார்கள். என்னைச் சுற்றி ஆட்கள் நின்று கை கொடுத்தார்கள். ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அடுத்த ஊர் நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். உன் பேர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவன் பொய்தானே சொல்கிறான்? வேன் நம் வாசலில் நிற்கவே இல்லையே. அன்று நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது. அவன் பொய் சொல்கிறான் என்று ஒரே ஒரு வரி எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

உன் அக்கா

---

ஜூன் 20

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டேன். மைக்கைப் பொத்தினபோது கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே தெரியும்.

அவன் பொய் சொல்லவில்லை. வேன் நம் வாசலில் நின்றது. காலையில் நான் குளித்து, துணியெல்லாம் பையில் கட்டி, கிதாரை உறையில் போட்டு, உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்தாய். கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. தாடி தட்டினான், நீ திறந்தாய். “அவன் இல்லப்பா. லிஃப்ட் கம்பெனியில வேலை கெடச்சு விடியக்காலையிலயே கெளம்பிட்டான். இனிமே அவனத் தேடி வராதீங்க” என்றாய். உன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தாடி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். ஏன் நின்றான் என்று அப்போது எனக்குத் தெரியாது. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பிறகு வேன் கிளம்பியது. அன்று மத்தியானம் நீ என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டு, “அவனுங்க வேனை நிறுத்தக்கூட இல்லடா, பாத்தியா” என்றாய். இருபது வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி இப்போது நீயே அதை நம்புகிறாய்.

இனி பொருள் கேட்டாயே, எழுதுகிறேன். தட்டு நிறைய வைத்தது நீ. போதும் என்று சொன்னதும் நீ. பள்ளிக்கூடத்துக்கும், வேலைக்கு ஆள் எடுத்த இடத்துக்கும் என் கழுத்துப் பித்தானைப் போட்டுவிட்டது நீ. பாட்டில் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அதை எழுதி நான்தான் தாடிக்கு அனுப்பினேன். பேர் போட வேண்டாம் என்றேன். யார் கேட்டாலும் பொருள் சொல்லாதே என்றேன். எங்கள் ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரிப் பாடு, அது போதும் என்றேன். உன்னிடம் சண்டை போட எனக்கு வாய் கிடையாது, உனக்கே தெரியும். அதனால் ஊர் வாயை எல்லாம் ஏவிவிட்டேன். நீ காய்கறி வாங்கப் போகிற கடையில், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், உன் காரில், எங்கே போனாலும் அந்தக் கேள்வி உன்னைக் கேட்க வேண்டும். என்றாவது ஒரு நாள் உனக்குச் சுருக்கென்று குத்த வேண்டும். இருபது வருஷம் அதற்குத்தான் காத்திருந்தேன். உனக்குக் குத்தவே இல்லை. நான் லீவில் வரும்போதெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே நீயும் சேர்ந்து பாடினாய். அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை முறை என் பல்லைக் கடித்திருப்பேன் தெரியுமா?

இப்போது குத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இப்படிக் குத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்காக வாய் திறக்காமல் இருந்தவன் ஒருவன்தான். அவனைப் போய்த் திருடனாக்கிவிட்டாய். உன் மானத்தைக் காப்பாற்ற அவன் அடி வாங்கிக்கொண்டு போனான்.



தம்பி

---

ஜூன் 28

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. விசாரிக்க வேண்டாம்.

சொன்னேன். இல்லை என்று நான்தான் சொன்னேன். அழுது மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தால், இன்னும் இருபது வருஷம் காத்திரு. அப்பா போய் ஒரு வருஷம் ஆகவில்லை. நீயும் போனால் அந்த வீட்டில் நான் சுவரோடுதான் பேச வேண்டும். நீ போகக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததைச் செய்தேன். தாடிக்கு நான் தனியாக எழுதுகிறேன், அது எனக்கும் அவனுக்கும். உனக்கு இந்தக் கடிதம்.

பொருள் சொன்னாய். நானும் உட்கார்ந்து மறுபடி படித்தேன். இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பல் டாக்டரிலிருந்து தாடி வரைக்கும் எல்லாரும் இரண்டாவது வரியையே பிடித்துத் தொங்கினோம். இல்லை என்று சொன்னது யார், யார் என்று. முதல் வரியை ஒருத்தரும் படிக்கவில்லை.

உள்ளேதான் இருந்தேன் நான்.

இருந்தாய் அல்லவா? பை கட்டியிருந்தது. குளித்துச் சட்டை போட்டிருந்தாய். கதவுக்குத் தாழ் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், நான் கேட்கக்கூட இல்லை. நான் பேசினது ஒவ்வொரு சொல்லும் உன் காதில் விழுந்திருக்கிறது. தாடி வேறு உனக்காக அவ்வளவு நேரம் நின்றிருக்கிறான். ஏண்டா வெளியே வரவில்லை? நான் என்ன உன்னைக் கட்டிலோடு கட்டியா போட்டிருந்தேன்? ‘அக்கா பொய் சொல்றா, நான் இங்கதான் இருக்கேன்’ என்று சொல்ல வேண்டாம். ஒரு தும்மல் போட்டிருந்தால் போதுமே. அவன் உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். நான் குறுக்கே விழுந்திருப்பேன், திட்டியிருப்பேன், ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன். அப்புறம் உன் முதல் ரெக்கார்டை நானே கடை கடையாகப் போய்க் கேட்டிருப்பேன்.

உனக்குப் பயம். பெரிய ஊர், பெரிய மேடை, போய்த் தோற்றுவிட்டால் எந்த முகத்தோடு திரும்பி வருவது என்று பயம். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து என்னைத் தடுக்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தாய். நான் வந்து தடுத்தேன். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டதும் உனக்கு நிம்மதியாக இருந்ததா இல்லையா? உண்மையைச் சொல். அந்த நிம்மதிக்கு ஒரு ஆள் மேல் பழி போட வேண்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் நான் இருந்தேன்.

செருப்புக்கு என்ன சொல்லிச் சமாளித்தாய் என்று ஊரையே விட்டு என்னைக் கேட்க வைத்தாய். எனக்குச் சமாளிக்கத் தெரியும். நீ உனக்கு என்ன சொல்லிச் சமாளித்தாய்? அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. ஊரெல்லாம் அதைப் பாடும்போது, லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு நீ என்னை நினைத்துப் பல்லைக் கடித்தாயா, உன்னை நினைத்தா?

இதற்கும் பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா

---

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். முதுகு பரவாயில்லை. உன் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். தேதி குறித்தால் சொல், லீவு போட்டு வருகிறேன்.

வக்கீல்களின் லிஃப்ட்டை முழுக்கக் கழற்றி மாற்றிவிட்டோம். இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது. மற்ற மாடிக்காரர்கள் எங்களுக்கு மாலை போடாத குறை.

போன வாரம் தாடியைப் போய்ப் பார்த்தேன். நீ அவனுக்கு எழுதியதைக் காட்டினான், நான் படிக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறான். சின்னச் சின்ன ஊர்களில் மறுபடி கூப்பிடுகிறார்களாம். எல்லாரும் கடைசியில் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்களாம். இனி அதைப் பாட வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். என்றைக்குமே வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. “அக்கா வேணாம்னு சொல்லிட்டாங்களா?” என்று அவனே கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவன் கேட்டு ஏதாவது எழுதினால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

அன்புத் தம்பி